கிறிஸ்தவ சமூகப் பணி: வடசென்னையில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள்

ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னைப் பங்குகளிலும் சபைகளிலும் தன்னார்வலர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ குடிக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்பார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்கள், ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர்கள், பெந்தெகொஸ்தே சபை இளைஞர்கள் எல்லோரும் கேட்டவற்றை அவரவர் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் எது, என் கருத்து எது என்பதைப் பிரித்தே சொல்ல முயன்றிருக்கிறேன்.

சோஷியல் ஒர்க்ல கிறிஸ்தவ சோஷியல் ஒர்க்னு தனியா ஒண்ணு இருக்கா சார்?

செய்முறையில் இல்லை. முதியோர் உதவித்தொகை மனுவைக் கிறிஸ்தவ முறைப்படி நிரப்ப முடியாது. வீடு பார்ப்பது, கேஸ் எழுதுவது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளை இருக்கிறபடி ஏற்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது, ரகசியம் காப்பது என்று எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஏழு கோட்பாடுகளை 1957-ல் எழுதிவைத்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக், இயேசு சபையைச் சேர்ந்த ஒரு குரு. அது தெரியாமலே பலர் பரீட்சை எழுதிப் பாஸாகிவிடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. கோட்பாடு நல்லதாக இருந்தால் எழுதியவரின் அங்கியைப் பார்க்க வேண்டியதில்லை.

வித்தியாசம் வருவது ஏன் போகிறோம் என்பதில். 'மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு' செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்வதை (மத்தேயு 25:40) நம்புகிறவருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் வெறும் பயனாளி இல்லை. பலன் தெரியாத வீட்டுக்கும் நாலாவது தடவை படியேறிப் போக அந்த நம்பிக்கைதான் கால் கொடுக்கிறது.

ஊழியமும் சமூகப் பணியும் ஒண்ணுதானே பிரதர்?

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒன்றில்லை. சுவிசேஷம் அறிவிப்பது வேறு. பிள்ளைக்கு ஸ்கூலில் சீட் வாங்கித் தருவது வேறு. இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம். ஒரே மூச்சில் செய்யும்போதுதான் சிக்கல்.

மேலே சொன்ன மத்தேயு 25-ஐ இன்னும் கொஞ்சம் படியுங்கள். வலது பக்கம் நிற்கிற நீதிமான்கள் 'ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?' என்று திகைக்கிறார்கள். ஊழியம் என்று கணக்கு வைத்து அவர்கள் சோறு போடவில்லை. பசித்தவன் வந்தான், போட்டார்கள். வியாசர்பாடியில் ஏழைகளுக்காக பியாட்டிட்யூட்ஸ் நிலையத்தைத் தொடங்கிய இத்தாலிய சலேசியக் குரு மந்தோவானியைப் பற்றி இன்றும் அந்தப் பக்கம் பேசுகிறார்கள் என்றால், அதற்கு அவர் கொடுத்த பிரசங்கம் காரணமாக இருக்காது.

உதவி செய்யறப்போ இயேசுவைப் பத்திச் சொல்லலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தை என்றால், கூடாது. ஏன் என்பதற்குத்தான் பல வார்த்தை வேண்டும்.

முதலில் சட்டம். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே இன்றைக்கு இங்கே தனிச் சட்டம் இல்லை. 'அப்போ பிரச்சினை இல்லையே' என்று சிலர் உற்சாகமாகிவிடுவார்கள். போலீஸ் வராது என்பதால் ஒரு காரியம் சரியாகிவிடாது.

உண்மையான காரணம் அதிகாரம். ஹவுசிங் போர்டு வீட்டில் தண்ணீர் புகுந்து மூன்று நாள் அடுப்பு எரியாத அம்மாவிடம் அரிசிப் பையோடு நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு? காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: உள்ளே முள் வைத்த இரையை யாரும் மீனுக்குப் போட்ட சோறு என்று சொல்வதில்லை. நிவாரண உதவியை மத, அரசியல் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-லேயே நடத்தை விதி எழுதின. அன்பு இலவசம், வேறொன்றை அடைய அது வழியாகக் கூடாது என்று போப் பதினாறாம் பெனடிக்ட் 2005-ல் சுற்றுமடலில் எழுதினார். வத்திக்கான், உலகத் திருச்சபைகள் மன்றம், உலக சுவிசேஷக் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆவணமும் ஏழ்மையைச் சுரண்டி ஆள் சேர்ப்பதைக் கண்டித்தது. இந்த மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம், அதற்காகவாவது கவனிக்கலாம்.

'ஏன் இதெல்லாம் செய்றீங்க?' என்று அவராகக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மனு நிரப்பும் மேஜையில் வேண்டாம். பை கைமாறும் நேரத்திலும் வேண்டாம்.

அரிசி வாங்கினவங்க கூட்டத்துக்கு வரலன்னா அடுத்த மாசம் பேரை எடுத்துடலாமா?

எடுக்கக் கூடாது. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள்; திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேருக்கும் நோய் திரும்ப வந்ததாக வேதத்தில் இல்லை.

ஒரு அக்கா, அவங்க இந்து, 'எனக்காக ஜெபம் பண்ணுப்பா'ன்னு கேட்டாங்க. பண்ணலாமா? மூணாவது பதிலுக்கு இது முரண் ஆகாதா?

ஆகாது. அங்கே நீங்கள் திணிப்பது பற்றிப் பேசினோம். இங்கே அவர் கேட்கிறார். வடசென்னையில் இது சகஜம். பெரம்பூர் லூர்து அன்னை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனையோ பேர் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு அதில் குழப்பம் இல்லை, நமக்குத்தான்.

முதலில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேளுங்கள். பார்வையில்லாத பர்திமேயு எதிரே நிற்கும்போதும் 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்' என்று இயேசு கேட்டுவிட்டுத்தான் செய்தார். அந்த அக்கா மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றால் மகனின் வேலைக்காக மட்டும் ஜெபியுங்கள். அவர் பாவங்களுக்காக, குடும்பத்தின் விக்கிரகங்களுக்காக என்று நீட்டாதீர்கள். சுவரில் அங்காளம்மன் படம் இருக்கும், அதன் மேல் புதிதாக வைத்த மல்லிகைச் சரம் இருக்கும். அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் வீட்டில் நீங்கள் விருந்தாளி. இரண்டு நிமிஷத்தில் முடியுங்கள். முடித்ததும் மகனின் பயோடேட்டாவை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

போட்டோ இல்லாம டோனர் பணம் தர மாட்டேங்கறாங்க. என்னதான் பண்றது?

இதில் எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தெருவுக்குத் தெரு பேனர் கட்டி நிவாரணம் கொடுத்தார்கள். ஒரு பாட்டிக்குப் போர்வை கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாங்கிக்கொண்டு நகர்ந்தவரை நிறுத்தி, 'பாட்டி, இந்தப் பக்கம் பாருங்க' என்றார்கள். போட்டோவில் பேனர் விழவில்லை. போர்வையைத் திரும்ப வாங்கி, இரண்டு அடி தள்ளி நிற்க வைத்து, மறுபடி கொடுத்தார்கள். அவர் இடுப்பில் ஈரச் சேலை. இரண்டாம் தடவை வாங்கும்போது பாட்டி கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்தப் போட்டோதான் அறிக்கையில் போயிருக்கும்.

'உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது' (மத்தேயு 6:3) என்பது கொடுக்கிறவனின் அடக்கத்துக்கு மட்டும் சொன்னதாக நினைக்கிறோம். அது வாங்குகிறவரின் மானத்தையும் சேர்த்துத்தான் காக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போய், யார் வீட்டுக்குப் போனோம் என்று வெளியே சொல்லாமல் வருகிற பழக்கம் இங்கே நமக்குப் பாடம்.

டோனருக்கு என்ன காட்டலாம்? பொருள் அடுக்கிய அறை, பில், கையெழுத்துப் பதிவேடு, வேலை செய்யும் கைகள். பெரியவர்கள் முழு மனதோடு சம்மதித்தால் அவர்கள் படம், அதுவும் உதவி கைக்கு வந்து சில நாள் கழித்துக் கேட்டு. பராமரிப்பிலோ வழக்கிலோ இருக்கும் குழந்தையின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. அதில் பேரம் கிடையாது.

புருஷன் குடிக்கறவர். காசு கொடுத்தா டாஸ்மாக்குக்குத்தான் போகும். பொருளாவே கொடுத்துடலாமே?

பொருளும் டாஸ்மாக்குக்குப் போகும். அரிசியைப் பாதி விலைக்கு விற்கத் தெரியாதவரா? பொருளா காசா என்பதை நாம் ஆபீஸில் உட்கார்ந்து தீர்மானிப்பதுதான் தப்பு. அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவர் தனியாக இருக்கும்போது. 'பீஸை நேரா ஸ்கூல்ல கட்டிடு தம்பி' என்பார். 'கந்துவட்டிக்காரன் தெனம் வந்து நிக்கறான், அதை முதல்ல பாரு' என்பார். பின்னதைச் சொன்னால் கையில் பணம் கொடுப்பதை விட 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்கக் கூடப் போவது பெரிய உதவி.

இன்னொன்று. 'நல்ல ஏழை, கெட்ட ஏழை' என்று பிரிக்கும் வழக்கம் நம் சபைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. தீயோர் மேலும் நல்லோர் மேலும் சூரியன் உதிக்கிறது (மத்தேயு 5:45) என்று வாசித்துவிட்டு, குடிக்கிறவர் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் இல்லை என்கிறோம். அந்தப் பிள்ளை குடிக்கவில்லை.

சபையில நம்ம ஆளுங்களுக்கு முதல்ல கொடுத்தா என்ன தப்பு? வெளியாளுக்கு அப்புறம் பாத்துக்கலாமே.

உங்கள் சபைக் காணிக்கையில் உங்கள் சபை விதவைகளைக் கவனிப்பது தப்பில்லை. அது குடும்பக் கடமை மாதிரி. ஊருக்கு நிவாரணம் என்று சொல்லிப் பணம் திரட்டிவிட்டு அப்படிச் செய்தால் அது மோசடி. ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் பெரிய முறுமுறுப்பே இதுதான்: தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6). அப்போஸ்தலர்கள் அதை மூடி மறைக்கவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர். விடுபட்டவர்களின் ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

நம் ஊரில் 'நம்ம ஆளு' என்பதற்குள் சாதியும் ஒளிந்திருக்கும். தனிக் கல்லறை வைத்திருந்த கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் ஏ.பி.நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலைக் கட்டியெழுப்பியது இந்த வலியிலிருந்துதான். நிவாரணப் பட்டியலை எந்தத் தெருவிலிருந்து எழுதத் தொடங்குகிறோம் என்று ஒரு தடவை பாருங்கள், புரியும்.

எஸ்.சி. சர்டிபிகேட் போயிடும்னு பேப்பர்ல இந்துன்னு இருக்காங்க, ஞாயித்துக்கிழமை சபைக்கு வர்றாங்க. நாங்க என்ன சொல்லணும்?

சட்டம் இது: 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித்துகள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கிறிஸ்தவ வாழ்க்கை வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லிவிட்டது.

இப்போது என் கருத்து. மனுவில் பொய் எழுத நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நாளை வேலை போனால் நாம் கூட நிற்கப் போவதில்லை. அதே சமயம், அப்படி இருக்கிறவரை மேடையில் வைத்து 'இரண்டு எஜமான்' என்று குத்துகிற பாஸ்டருக்கும் நான் ஆமென் சொல்ல மாட்டேன். ஞானஸ்நானம் எடுத்ததும் சேரியிலிருந்து வீடு மாறிவிடுவதில்லை. சாதி அப்படியே கூட வருகிறது, சலுகை மட்டும் போகிறது. அந்த அநியாயத்தை அந்தக் குடும்பம் உண்டாக்கவில்லை. சட்டம் என்ன, ஆபத்து என்ன என்று முழுசாகச் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

ஒரு பாப்பா தனக்கு நடந்ததைச் சொல்லிட்டு, 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா'ங்குது. சத்தியத்தை மீறலாமா?

அந்தச் சத்தியத்தைச் செய்யவே கூடாது. 'உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்' என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி ஒவ்வொருவருக்கும் கடமை. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். குழந்தையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். அது சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

'சபைப் பேர் கெட்டுடும், உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்' என்று ஒரு மூப்பர் வருவார். கண்டிப்பாக வருவார். சின்னவர்களுக்கு இடறல் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி இயேசு சொன்னது சபைப் பெயரைக் காப்பாற்ற அல்ல.

சரி, அதையே பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லியிருந்தா?

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவ அறிக்கையில், கேட்டதைக் குரு வெளியே சொல்லக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அந்த ரகசிய முத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க முடியாது. போக்சோ சட்டத்திலோ அதற்கு விலக்கு எதுவும் எழுதவில்லை. இரண்டும் நேருக்கு நேர் மோதுகிற இடம் இது. சமாதானமாக முடித்து வைக்கிற பதில் என்னிடம் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையே சொன்னால், வெளியே வந்து மறுபடி சொல்லும்படி குரு அன்போடு அழைக்கலாம், அழைக்க வேண்டும். ஆனால் இதைச் சாக்காக வைத்துத் தப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கவுன்சலிங் அறை பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை. பாஸ்டரின் ஆபீஸ் பேச்சும் இல்லை. சிஸ்டரிடம் மனம் விட்டுப் பேசியதும் இல்லை. அங்கெல்லாம் முந்தின பதில் அப்படியே பொருந்தும்.

ஜெபத்துல சுகமாயிடுச்சுன்னு டி.பி. மாத்திரையை நிறுத்திட்டாங்க. விசுவாசத்தைக் குலைக்காம எப்படிச் சொல்றது?

விசுவாசத்தோடு சண்டை போடாதீர்கள். 'ஆண்டவர் சுகம் தந்திருந்தால் சளிப் பரிசோதனையிலும் தெரியும், வாங்க' என்று அழைத்துப் போங்கள். சாதாரண டி.பி.க்கே ஆறு மாதம் மருந்து. இருமல் நின்றதும் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டி.பி. ஆகத் திரும்பும், வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒட்டும். பவுலின் கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியர். ராயபுரத்தில் மெட்டில்டா மெக்ஃபெயில் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி டாக்டர் வேலை செய்த பலன்தான் ரெய்னி ஆஸ்பத்திரி, அவரும் ஜெபித்தவர்தான்.

மனநலம் பாதித்தவரைப் பேய் என்று சொல்லிக் கட்டி வைத்தால் பேச்சே இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஜெப வீடானாலும் வேறு எந்த மத இடமானாலும் அதே சட்டம்.

எண்ணூர்ல எண்ணெய் கசிஞ்சப்போ அரிசி, பருப்பு கொடுத்தோம். போராட்டம், மனு இதெல்லாம் சபை வேலையா?

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது வலை, படகு எல்லாம் கருத்துப் போயின. இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் வெறும் கையால் எண்ணெயை அள்ளினார்கள். பத்து நாள் அரிசி கொடுத்தோம், நல்லது. பதினோராவது நாள் இறால் வந்ததா? மீகா 6:8 இரக்கத்தைச் சிநேகிக்கச் சொல்வதற்கு முன்னால் நியாயம் செய்யச் சொல்கிறது. தொழிலாளர் கூலியைப் பற்றி போப் பதின்மூன்றாம் லியோ 1891-லேயே சுற்றுமடல் எழுதினார். பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-ல் மெட்ராஸ் தொழிற்சங்கம் பிறந்தது நம் பெரம்பூர்ப் பக்கத்தில்தான். இந்த மண்ணில் உரிமை கேட்பது புதுசு இல்லை.

கொடி பிடிக்கத் தயக்கமா, வேண்டாம். எந்த வீட்டில் எத்தனை வலை போனது என்று தேதியோடு எழுதி, போட்டோ எடுத்து, நஷ்ட ஈட்டு மனுவோடு இணைத்துக் கொடுங்கள். அதுவும் நியாயம் செய்வதுதான். கத்தத் தெரியாதவர்களும் செய்யலாம். கட்சிக்காரர் வந்து உங்கள் பட்டியலைத் தன் பெயரில் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுல இருந்து ஒரு பிரதர் பணம் அனுப்பறேங்கறார். என் அக்கவுண்ட்ல வாங்கி ஏழைங்களுக்குக் கொடுத்துடட்டுமா?

வேண்டாம். வெளிநாட்டவர் நன்கொடை என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நோக்கம் நல்லது என்பது இங்கே வாதமே இல்லை.

ஜெபமே வர மாட்டேங்குது ஃபாதர். அந்தச் சின்னப் பையன் செத்ததுல இருந்து. இப்படியே ஃபீல்டுக்குப் போறது நடிப்பு மாதிரி இருக்கு.

(இதை என்னிடம் கேட்டவர் பழக்க தோஷத்தில் ஃபாதர் என்றார், நான் ஃபாதர் இல்லை.)

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து 'போதும் கர்த்தாவே' என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், எலியா தூங்கினார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். முதலில் லீவு போடுங்கள். சாப்பிடுங்கள். கேஸை மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். ஒரு மரணத்தைத் தனியாகத் தூக்கிச் சுமப்பது தியாகம் இல்லை. ஜெபம் வராவிட்டால் 88-ம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வரி வரை இருட்டாகவே முடிகிற பாட்டு அது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நடிப்பு என்று பயப்படாதீர்கள். நம்பிக்கை குறைந்த நாளிலும் ரேஷன் கார்டு மனு அதே மாதிரிதான் நிரப்பப்படும். முதல் கேள்விக்கு நான் சொன்னதை மறுபடி பாருங்கள்.

நாங்க எதுவும் சொல்லல. ஒரு அண்ணன் அவராவே வந்து ஞானஸ்நானம் கேக்கறார். மாசா மாசம் நம்மகிட்ட மருந்து வாங்கறவர்.

இங்கேதான் எல்லாக் கேள்வியும் ஒன்றாக வந்து நிற்கிறது. அவர் கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. 'நீ ஏழை, உனக்கு யோசிக்கத் தெரியாது' என்று தள்ளுவதும் அவமானம்தான். ஆனால் அவருக்கு மருந்து கொடுக்கிற நீங்களே அவரை ஞானஸ்நானத் தண்ணீருக்கு அழைத்துப் போகக் கூடாது. கேஸை வேறொருவர் கையில் கொடுங்கள். பாஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ அவரே போய்ப் பேசட்டும். வகுப்பு, காத்திருப்பு எல்லாம் அவர்கள் வழக்கப்படி நடக்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். சாதிச் சான்றிதழ் பற்றி மேலே சொன்னதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் பேசினாரா என்று கேளுங்கள்.

முக்கியமாக ஒன்றை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: 'அண்ணா, நீங்க எடுத்தாலும் எடுக்கலன்னாலும் மருந்து வரும்.' அதைக் கேட்டுவிட்டு வராமல் போனால், அடுத்த மாத மருந்தை வழக்கமான தேதியில் கொண்டுபோய்க் கொடுங்கள்; ஞானஸ்நானப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.